இல்லத்துக் கம்பியில்லா வலை வழியே தொலைபேசி உரையாடல்

ஹிமாசலப் பிரதேசத்தின் உட்பள்ளத்தாக்குகளில் கல்லையும் தேவதாருக் கட்டைகளையும் மாற்றி மாற்றி அடுக்கிச் சுவர் எழுப்புவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். ‘காட்-குனி’ எனப்படும் இம்முறையில் எழுந்த தடித்த சுவர்கள் பனிக்காலக் குளிரைத் தடுக்கின்றன. நிலநடுக்கத்தையும் ஓரளவு தாங்குகின்றன. ஆயினும் நம் காலத்தில் அவற்றால் புதியதோர் இடர் நேர்ந்துள்ளது. எதிர்மலையிலுள்ள கைபேசிக் கோபுரத்திலிருந்து வரும் வானொலி அலை இச்சுவர்களை ஊடுருவ வலியின்றித் தேய்ந்துவிடுகிறது. முற்றத்தில் நின்றால் பேச முடிகிறது, அடுப்பங்கரையில் முடிவதில்லை. பகற்பொழுதில் இது சிறு தொல்லையே. நள்ளிரவில், பனி பெய்யும் வேளையில், பேறுகால வேதனையுற்ற பெண்ணின் வீட்டார் கிராமச் செவிலியை அழைக்கின்றனர். கைபேசி செவிலியின் தலைமாட்டிலேயே இருந்தும் ஒலிக்கவில்லை. இதனைச் சிறு தொல்லையென்று ஒதுக்க இயலுமா?

இந்நிலை மலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. தகரக்கூரை வேய்ந்த பள்ளிகளிலும், தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும், கம்பி செறிந்த கான்கிரீட் கட்டடங்களின் கீழ்த்தளங்களிலும் இதே கதைதான். மறுபுறம், கண்ணாடி இழை வழியே இணையத்தைக் கிராமப் பஞ்சாயத்துகளுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்திற்கு 2011 அக்டோபரில் அரசு ஒப்புதல் அளித்தது; 2015 முதல் அது ‘பாரத்நெட்’ என்னும் பெயரால் வழங்கி வருகிறது. இவ்விழையாலோ தனியார் இணைப்பாலோ ஊருக்குள் இணையம் வந்துவிட்ட இடங்களில், கோபுரத்து அலை எட்டாத அறையிலும் ‘வைஃபை’ எனப்படும் கம்பியில்லா வலை எட்டும். அவ்வலையின் மேல் தொலைபேசிப் பேச்சை ஏற்றிச் செலுத்துவது எவ்வாறு, அது தடுமாறுவது எதனால் என்பவற்றைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம். பெட்டியை வாங்கி மாட்டிவிடுவது எளிது. பேச்சு அறுபடும்போது காரணம் காண்பதே அரிது.

பேச்சு பொட்டலமாகும் விதம்

பழைய தொலைபேசியில் இருவர் பேசும்வரை அவர்களுக்கிடையே ஒரு பாதை முழுமையாக ஒதுக்கப்பட்டிருந்தது. இணையத்தில் அவ்வாறு ஒதுக்கீடு இல்லை. பேச்சு சிறு சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டின் மேலும் முகவரி எழுதப்பட்டு, தபால் பைகளைப் போல மற்றச் செய்திகளுடன் கலந்து செல்கிறது. பெறும் முனையில் அவை மீண்டும் கோக்கப்படுகின்றன. இம்முறையில் குரலைச் செலுத்தும் சோதனைகள் அமெரிக்காவின் ‘அர்பாநெட்’ வலையில் 1974-லேயே நிகழ்ந்தன. 1995-ல் இஸ்ரேல் நாட்டு நிறுவனமொன்று கணிப்பொறிகளுக்கிடையே பேசும் மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ல்தான் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கிற்று. இணையவழித் தொலைபேசிக்கு 2002 ஏப்ரல் 1 முதல் இங்கே வரையறைக்குட்பட்ட அனுமதி கிடைத்தது.

மாணவர்க்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டத்தக்க ஓர் எளிய கணக்கு உண்டு. தொலைபேசித் தரத்தில் குரலை எண்ணாக்க, விநாடிக்கு 8,000 தடவை அதன் அளவைப் பதிவு செய்கின்றனர். ஒவ்வொரு பதிவுக்கும் 8 பிட், அதாவது ஒரு பைட். ஆக விநாடிக்கு 64,000 பிட். இதனை 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டில் 160 பைட் குரல் இருக்கும். அதன்மேல் ஒட்டும் முகவரிச் சீட்டுகளோ 40 பைட். விநாடிக்கு இத்தகைய பொட்டலங்கள் 50. ஆகவே விநாடிக்கு 80,000 பிட் ஒரு திசையில் ஓடுகிறது. ஒரு மணி நேரம் பேசினால் இரு திசையிலுமாக 72 மெகாபைட் ஆகும். ஒரு திரைப்படத்தைப் பார்ப்பதோடு ஒப்பிட இது அற்பம்.

குரலை மேலும் சுருக்கும் முறைகளும் உள்ளன. விநாடிக்கு 8,000 பிட் மட்டுமே எடுக்கும் முறையொன்றில் 20 மில்லிவிநாடிக்குரிய குரல் 20 பைட்டில் அடங்கிவிடுகிறது. ஆனால் முகவரிச் சீட்டு அதே 40 பைட்! கடிதத்தைவிட உறை கனம் என்பது இதுதான். ஆகவே எட்டில் ஒரு பங்காகச் சுருக்கியும் மொத்தப் பாரம் 80,000-லிருந்து 24,000-க்கே இறங்குகிறது. 2012-ல் வரையறுக்கப்பட்ட ‘ஓபஸ்’ என்னும் முறை, வலையின் நிலைக்கேற்பத் தன் அளவைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளவல்லது. இக்காலச் செயலிகள் பலவற்றில் அதுவே பயன்படுகிறது.

இக்கணக்கிலிருந்து தெளிவாவது யாதெனில், பேச்சுக்கு வேண்டியது அகலமான பாதையன்று, ஒழுங்கான பாதை. பொட்டலம் குறித்த நேரத்தில் வந்து சேர வேண்டும். கடிதமோ படமோ ஒரு விநாடி தாமதித்து வந்தால் எவரும் கவனியார். தாமதித்து வந்த குரல் துண்டோ பயனற்றது. பெறும் கருவி அதனை எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்கிறது. நாம் கேட்கும் ‘விட்டுவிட்டு வரும்’ பேச்சு அதன் விளைவே.

தாமதம் எங்கே தங்குகிறது?

ஒருவர் பேசியது மற்றவர் செவியை அடைய 150 மில்லிவிநாடிக்கு மேற்படாதிருத்தல் நலம் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. 400-ஐத் தாண்டினால் இயல்பான உரையாடல் நடவாது. இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி, ஒரே சமயத்தில் நிறுத்துவர்.

அந்தமான் தீவுகள் இதற்கு நல்ல சான்று. 2020 வரை அங்கே வெளித்தொடர்பு பெரும்பாலும் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. நிலநடுக்கோட்டின் மேல் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோளுக்கு அலை ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்திலேயே சென்றாலும் 240 மில்லிவிநாடி பிடிக்கும். 2020 ஆகஸ்ட் 10-ல் சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடி இழை திறந்துவைக்கப்பட்டது. இழையினுள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆகவே அத்தூரத்தைக் கடக்க 12 மில்லிவிநாடிக்கும் குறைவே ஆகும். கொச்சியிலிருந்து லட்சத்தீவுகளுக்கும் 2024 ஜனவரியில் இவ்வாறே கடலடி இழை வந்தது.

தில்லிக்கும் சென்னைக்கும் இடையே இழை 3,000 கிலோமீட்டர் வளைந்து சென்றாலும் 15 மில்லிவிநாடிதான். அப்படியாயின் நம் பேச்சைக் கெடுக்கும் தாமதம் நாட்டின் நெடுவழியில் இல்லை. பெரும்பாலும் நம் வீட்டுக்குள்ளேயே, கடைசிப் பத்து மீட்டரில் இருக்கிறது. இதனைப் பலர் நம்புவதில்லை. இணைப்பு தந்த நிறுவனத்தைக் குறை கூறுவதே வழக்கமாகிவிட்டது.

முதற் குற்றவாளி, வெளிச்செல்லும் வரிசை. வீட்டில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் மற்றொருவரின் கைபேசி அன்றைய புகைப்படங்களை இணையக் கிடங்கிற்கு அனுப்பத் தொடங்குகிறது என்று கொள்வோம். இணைப்பின் வெளிச்செல்லும் வேகம் விநாடிக்கு 10 லட்சம் பிட். வைஃபை பெட்டி தன் நினைவகத்தில் இரண்டரை லட்சம் பைட் வரை வரிசையில் நிறுத்திவைக்கிறது. இரண்டரை லட்சம் பைட் என்பது 20 லட்சம் பிட். வரிசையின் கடைசியில் வந்து நிற்கும் குரல் துண்டு வெளியேற இரண்டு விநாடி காத்திருக்க வேண்டும்! பேச்சு அறுந்துவிடும். பதிவிறக்க வேகத்தைக் கூட்டித் தரும் திட்டத்திற்கு மாறினால் இக்குறை நீங்காது. புகைப்படம் தானே ஏறுவதை இரவுக்கு ஒத்திவைப்பதும், பெட்டியில் வசதி இருப்பின் வெளிச்செல்லும் வேகத்தை உண்மை வேகத்தில் பத்தில் ஒன்பது பங்காக வரம்பிட்டுக் குரலுக்கு முன்னுரிமை தருவதுமே பரிகாரம். வரிசையை நேர்மையாகப் பகிரும் புதிய முறைகள் சில பெட்டிகளில் உள்ளன. அமைப்புப் பக்கத்தில் ‘கியூ.ஓ.எஸ்.’ என்ற தலைப்பின்கீழ்த் தேடலாம்.

இரண்டாவது, அலையின் நெருக்கடி. வைஃபையில் ஒரு சமயத்தில் ஒரு கருவியே பேசலாம். மற்றவை கேட்டு, வாய்ப்புப் பார்த்துப் பேச வேண்டும். வகுப்பறையில் கை தூக்கிக் காத்திருப்பதுபோல் எனலாம். நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2005 முதல் உரிமமின்றி எவரும் பயன்படுத்தலாம். ஆகவே அண்டை வீட்டார் அனைவரும் அங்கேயே குவிந்துள்ளனர். அதில் ஒன்றோடொன்று உரசாத தடங்கள் 1, 6, 11 என்னும் மூன்றே. புளூடூத்தும் நுண்ணலை அடுப்பும் இதே வரிசையில் குறுக்கிடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் இடம் மிகுதி; ஆனால் அந்த அலை சுவரைக் கடக்கும் திறனில் குறைந்தது. பேசுபவர் பெட்டியுள்ள அறையிலேயே இருப்பின் 5. இரு சுவர் தாண்டியிருப்பின் 2.4. இதற்கு மேல் விதி கூற இயலாது. சோதித்துப் பார்ப்பதே வழி.

அமைக்கும் முறைகள்

மிக எளியது, கைபேசி நிறுவனமே தரும் ‘வைஃபை அழைப்பு’. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதனை அறிமுகம் செய்தன. இதில் நம் எண் மாறுவதில்லை. அழைப்பவருக்கு ஏதும் தெரிவதுமில்லை. கோபுரத்துக்குப் பதிலாக வைஃபை வழியே, மறையாக்கப்பட்ட ஒரு குழாய் மூலம், கைபேசி தன் நிறுவனத்தின் வாயிலை அடைகிறது. அமைப்புகளில் சிம் அட்டைக்குரிய பகுதியில் ‘வைஃபை காலிங்’ என்பதை இயக்கினால் போதும். கைபேசி அதற்கு ஏற்றதாயும், ‘வோல்ட்டி’ இயங்குவதாயும் இருத்தல் வேண்டும். மெய்யாகவே வைஃபை வழியேதான் செல்கிறதா என்று அறியச் சிறந்த சோதனை: கைபேசியை விமானப் பாங்கில் இட்டு, வைஃபையை மட்டும் மீண்டும் இயக்கி, வேறொருவரை அழைக்கச் சொல்லுங்கள். மணி ஒலித்தால் செவிலியின் அறைக்கும் ஒலிக்கும்.

பள்ளி அல்லது அலுவலக வலையில் இது இயங்காது, வீட்டில் இயங்குகிறது என்ற முறையீடு அடிக்கடி எழுவது. அங்கே வலைக் காவலர் சில கதவுகளை மூடியிருப்பர். மேற்கூறிய குழாய்க்கு யு.டி.பி. 500, 4500 ஆகிய இரு கதவுகள் திறந்திருக்க வேண்டும். இவ்விரு எண்களைக் குறித்துக் கொடுத்தால் பொறுப்பாளருக்கு வேலை எளிதாகும்.

வாட்ஸ்அப் முதலிய செயலிகள் வழியே பேசுவதை விவரிக்க வேண்டியதில்லை. 2015 முதல் அனைவருக்கும் பழகிவிட்டது. இரு முனையிலும் அதே செயலி வேண்டும் என்பதே அதன் எல்லை.

மூன்றாவது முறை, எண்ணுடன் கூடிய இணையத் தொலைபேசி. இழை இணைப்பு தரும் நிறுவனங்கள் பல, வீட்டில் வைக்கும் இழைப்பெட்டியின் பின்புறம் தொலைபேசிக்கென ஒரு துளை விட்டுள்ளன. பழைய டெலிபோனின் கம்பியை அதில் செருகினால் அது மீண்டும் உயிர் பெறும். துளை இல்லாவிடின், கடைக்காரர் ‘ஏ.டி.ஏ.’ என்று சொல்லும் சிறு பெட்டி அவ்வேலையைச் செய்யும். அல்லது கைபேசியிலேயே ‘லின்ஃபோன்’ போன்ற இலவச மென்பொருளை நிறுவி, நிறுவனம் தந்த பயனர் பெயர், கடவுச்சொல், சேவகக் கணிப்பொறியின் முகவரி ஆகிய மூன்றையும் இட்டால் அதுவே தொலைபேசியாகும். அழைப்பைத் தொடங்கி முடிக்கும் பேச்சுவார்த்தைக்கு ‘சிப்’ என்ற நெறிமுறை பயன்படுகிறது. 1999-ல் முதலில் வெளியான இந்நெறி 2002-ல் திருத்தம் பெற்றது. இன்றும் தொலைபேசி உலகின் முதுகெலும்பாக அதுவே உள்ளது.

இம்முறையில் ஒரு வினோதமான கோளாறு நேர்வதுண்டு. மணி ஒலிக்கிறது, எடுத்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கிறது, மறுபுறம் மௌனம். வீட்டிலுள்ள கருவிகளுக்கு வழங்கும் 192.168 என்று தொடங்கும் முகவரி வீட்டுக்குள் மட்டுமே செல்லும். வெளியுலகுக்குப் பெட்டி வேறு முகவரி காட்டுகிறது. ‘சிப்’ கடிதத்தினுள் வீட்டு முகவரியே எழுதப்பட்டுவிட்டால், மறுமுனையின் குரல் திசையறியாது தொலைகிறது. ‘ஸ்டன்’ என்னும் வசதியை மென்பொருளில் இயக்கினால், கருவி தன் வெளிமுகவரியைக் கேட்டறிந்து எழுதும். வைஃபை பெட்டியிலுள்ள ‘சிப் ஏ.எல்.ஜி.’ என்பது இதே உதவியைச் செய்யவே ஏற்பட்டது. ஆயினும் பல பெட்டிகளில் அது குழப்பத்தையே கூட்டுகிறது. அதனை நிறுத்திப் பார்ப்பது முதல் வேலையாகட்டும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 2018-ல் தொலைத்தொடர்புத் துறை, உரிமம் பெற்ற நிறுவனங்கள் சாதாரண எண்களுக்கும் இணையவழி அழைப்பு வழங்கலாம் எனத் தெளிவாக்கிற்று. ஆனால் வெளிநாட்டு இணைய அழைப்புகளை வாங்கி உள்ளூர் எண்களாக மாற்றி விடும் பெட்டியைத் தனியார் வீட்டில் வைப்பது குற்றம். “இப்பெட்டியை உங்கள் வைஃபையில் செருகி வையுங்கள், மாத வாடகை தருகிறோம்” என்று எவரேனும் அணுகினால் காவல் துறைக்குத் தெரிவிப்பதே தக்கது. ஏமாற்று அழைப்புகள் பல இத்தகைய பெட்டிகள் வழியே வருகின்றன.

பெட்டிக்கு உரிய இடம்

இழை எந்தச் சன்னல் வழியே நுழைகிறதோ அங்கேயே பெட்டியை அறைந்துவிட்டுச் செல்வது பணியாளர் வழக்கம். வீட்டின் நடுவே, ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பின்னர் மாற்றுவது கடினம். இரும்பு பீரோவின் பின்னும், தண்ணீர்த் தொட்டியின் அருகிலும், முகம் பார்க்கும் பெரிய கண்ணாடியின் பின்னும் வைத்தல் ஆகாது. உலோகம் அலையைத் திருப்பிவிடும்; நீர் விழுங்கிவிடும்.

கைபேசியில் அலையின் வலிமையைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. பேசும் இடத்தில் −67 டெசிபல்-மில்லிவாட் அல்லது அதைவிட நல்ல அளவு இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். இது கழித்தல் எண் ஆகையால் −60 என்பது −67-ஐவிடச் சிறந்தது. மூன்று டெசிபல் குறைந்தால் வலிமை பாதியாயிற்று என்று பொருள். எட்டாத மூலைக்கு ‘ரிப்பீட்டர்’ வாங்குவோர் பலர். அது ஒரே அலையில் கேட்டதைத் திருப்பிச் சொல்வதால் நேரம் இரட்டிக்கிறது. படம் பார்க்க உதவும், பேச்சுக்கு உகந்ததன்று. செலவு சற்றுக் கூடினாலும், கம்பி இழுத்து இரண்டாவது பெட்டியொன்றை வைப்பதே சிறந்தது. ஈதர்நெட் கம்பி 100 மீட்டர் வரை தடையின்றிச் செல்லும்.

எல்லாம் அமைந்தபின், ஒருவர் மறுமுனையில் ஒன்று முதல் நூறு வரை எண்ணிக்கொண்டிருக்க, மற்றவர் கைபேசியைக் காதில் வைத்து வீடெங்கும் மெல்ல நடந்து, எந்த எண் விடுபட்டதோ அப்போது நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளட்டும். பின்னர் வேறொரு கைபேசியிலிருந்து பெரிய கோப்பொன்றை அனுப்பிக்கொண்டே இதனை மீண்டும் செய்யட்டும். முதல் சோதனையில் தேறி, இரண்டாவதில் தவறினால் கோளாறு வரிசையில்; இரண்டிலும் ஒரே இடத்தில் தவறினால் கோளாறு சுவரில். மேல்வகுப்பு மாணவர் ஓர் பிற்பகலில் இதனைச் செய்து தம் பள்ளிக்கு வரைபடமே தயாரிக்கலாம்.

மின்சாரம் நின்றால்

செம்புக் கம்பியில் வந்த பழைய டெலிபோனுக்கு இணைப்பகமே 48 வோல்ட் மின்சாரம் அனுப்பிற்று. ஊர் இருண்டபோதும் அது பேசிற்று. கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது. வீட்டில் விளக்கணைந்தால் இழைப்பெட்டியும் வைஃபையும் அணைந்துவிடும், அதனோடு பேச்சும். பலருக்கு இது முதல் புயலின்போதுதான் புலப்படுகிறது.

இவ்விரு கருவிகளுக்கும் சேர்த்து 10 வாட் அளவே தேவை. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 84 வாட்-மணி சேர்ந்திருக்கும். கலம் கெடாதிருக்கப் பாதியே எடுத்தாலும் நான்கு மணி நேரம் ஓடும். கலத்தை நேரே இணைத்தல் கூடாது. மின்னேற்றத்தின்போது அதன் அழுத்தம் 14 வோல்ட்டை எட்டும், பெட்டி அதனைத் தாங்காமற் போகலாம். அழுத்தத்தை 12-ல் நிறுத்தும் சிறு யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. வாங்குமுன், நம் வீட்டுக்கு இழை பிரியும் இடத்திலுள்ள நிறுவனக் கருவிக்கும் மாற்று மின்சாரம் உண்டா என்று விசாரியுங்கள். அது அணைந்தால் நம் கலம் எரிவதால் பயனில்லை.

அவசர எண் 112-ஐப் பற்றியும் தெளிவு வேண்டும். நாட்டில் முதன்முதலாக 2018 நவம்பரில் ஹிமாசலப் பிரதேசத்திலேயே இவ்வெண்ணின் புதிய அமைப்பு தொடங்கிற்று. செயலிகள் வழியே இதனை அழைக்க முடியாது. எண்ணுடைய இணையத் தொலைபேசியிலும், அவசர அழைப்பை 2017-ல் டிராய் ஊக்குவித்ததேயன்றிக் கட்டாயமாக்கப் பரிந்துரைக்கவில்லை. அவ்வசதியின் எல்லையைச் சந்தாதாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. ஆகவே இணைப்பு பெறும்போதே 112-உம் 108-உம் கிட்டுமா என்று நிறுவனத்தைக் கேட்டு விடையை எழுதி வாங்குங்கள். கைபேசியில் 112 அழைத்தால், தன் நிறுவனத்தின் அலை இல்லாவிடினும், கிட்டும் வேறு நிறுவனத்தின் கோபுரத்தை நாடி அது முயலும். எனவே முற்றத்திலோ மாடியிலோ ஏதேனும் கோபுரத்தின் அலை கிட்டும் இடத்தைப் பகலிலேயே கண்டறிந்து, சுண்ணாம்பால் ஒரு வட்டம் இட்டு, வீட்டிலுள்ள சிறுவர்க்கும் காட்டி வைத்தல் வேண்டும். இணையவழி அழைப்பில் நம் இருப்பிடம் தானாகத் தெரியாமற் போகலாம். ஊர், வார்டு, அண்மையிலுள்ள பள்ளி அல்லது கோயில், சாலையிலிருந்து திரும்பும் வழி ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதித் தொலைபேசியருகே ஒட்டிவிடுங்கள். வெளியூரிலிருந்து புதிதாக வந்த செவிலிக்கும் ஆசிரியருக்கும் இவ்வட்டை பெரிதும் தேவைப்படும்.